வெண்டையில் மஞ்சள், மிளகாயில் சுருட்டை: மருந்து வாங்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் பக்கம் ஒரே பேச்சுதான். "வெண்டை மஞ்சளடிச்சிருச்சுண்ணே, என்ன மருந்து அடிக்கலாம்?" காரைக்குடியை ஒட்டிய கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் சுற்றிக் கிணற்றையும் போரையும் நம்பி அரை ஏக்கர், முக்கால் ஏக்கரில் காய்கறி போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கண்மாய்த் தண்ணீர் நெல்லோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு கையில் காசு புரள்வது வெண்டை, கத்தரி, மிளகாய், பீர்க்கு இவற்றால்தான். வைரஸ் நோய் வந்து விழுவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸைக் கொல்ல எந்தக் கடையிலும் மருந்து இல்லை. நாம் அடிப்பது அதைச் சுமந்துவரும் பூச்சிக்கு. வெள்ளை ஈயா, அசுவினியா, இலைப்பேனா என்று தெரியாமல் அடித்தால் காசும் போகும், காயும் போகும், நல்லது செய்யும் பூச்சியும் போகும்.

நான் முதன்முதலாக வெண்டை போட்ட வருஷம் ஒரு கடையில் "வைரஸ் மருந்து" என்று சொல்லி ஒரு பாட்டில் கொடுத்தார்கள். மூன்று முறை அடித்தேன். மஞ்சள் வரிசை வரிசையாகப் பரவிக்கொண்டே போனது. பயிரை அழித்த பிறகுதான் அந்தப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பூச்சிமருந்து என்றால் அரசுப் பதிவு எண், தொகுதி எண், காலாவதித் தேதி, நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ணக் குறி நான்கும் இருக்க வேண்டும். அந்தப் பாட்டிலில் ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து பதிவு எண் இல்லாத பாட்டிலை நான் கையால் தொடுவதில்லை. நீங்களும் வாங்காதீர்கள்.

தோட்டத்துக்குள் இறங்கியதும்

விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். குளிர்ச்சியில் வெள்ளை ஈ சோர்ந்து இலைக்கு அடியிலேயே ஒட்டிக்கிடக்கும். வெயில் ஏறினால் கை பட்டதுமே பறந்துவிடும், எண்ண முடியாது. உச்சியிலிருந்து மூன்றாவது, நான்காவது இலையைக் காம்போடு மெதுவாகத் திருப்புங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவில், மாவு தூவியதுபோல் வெள்ளைச் சிறகோடு உட்கார்ந்திருந்தால் அது வெள்ளை ஈ. அதே இலையில் அசையாமல், தட்டையாக, வெளிர்மஞ்சளாக ஒட்டியிருக்கும் செதில்கள் அதன் குஞ்சுகள். நிறையப் பேர் இந்தக் குஞ்சைப் பார்ப்பதே இல்லை. பறக்கிற ஈயை மட்டும் கொன்றுவிட்டு "மருந்து கேட்கலை" என்று வருகிறார்கள்.

கூட்டமாகப் பச்சையாகவோ கறுப்பாகவோ பூச்சிகள் மொய்த்து, இலை பிசுபிசுவென்று இருந்து, எறும்பும் ஏறினால் அது அசுவினி. இலைப்பேனைக் கண்ணால் தேடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்துக்கு அடியில் பிடித்து, கொழுந்தை விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். தாளில் சோம்பைவிடச் சின்னதாக, மெல்லிய மஞ்சள் கோடுகள் ஊர்ந்தால் அதுதான் இலைப்பேன். நான் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைத்தான் இதற்கு வைத்திருக்கிறேன். தடித்த அட்டை காற்றில் மடங்காது.

வெண்டை: இலை மஞ்சளாகிறது

மஞ்சள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முழுத் தீர்ப்பும் அதில்தான் இருக்கிறது.

நரம்புகள் மஞ்சளாகி, நடுவில் உள்ள இலைப்பரப்பு பச்சையாக இருந்து, வலை விரித்ததுபோல் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். போகப் போக இலை முழுவதும் மஞ்சளாகும், காய் வெளிறி முறுக்கிக்கொண்டு நார் ஏறும். இதற்கு நேர்மாறாக நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் வெளுத்தால், அதுவும் கொழுந்திலையில் மட்டும் வெளுத்தால், அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் கலந்து சாயங்காலம் தெளித்தால் புது இலை பச்சையாக வரும். இலை ஓரம் மட்டும் மஞ்சளாகி மேல்நோக்கி மடங்கிக் கருகினால் தத்துப்பூச்சி. இலையைத் திருப்பினால் பச்சையாக ஒன்று குறுக்காக ஓடும். இந்த மூன்றுக்கும் ஒரே மருந்தை அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தேமல்தான் என்று உறுதியானால் அடுத்த கேள்வி செடியின் வயசு. முளைத்து 20 நாளுக்குள் விழுந்த செடியில் காய் கிட்டத்தட்டக் கிடையாது. இரண்டு மாதம் கடந்து விழுந்தால் பாதியளவு காயாவது எடுக்கலாம். ஆகவே இளம் வயலில் ஒரு செடி மஞ்சளானாலும் தள்ளிப்போடாமல் பிடுங்க வேண்டும். காய்ப்பில் இருக்கும் வயலில் பாதிக்கு மேல் மஞ்சளாகிவிட்டால் பிடுங்கிப் பயனில்லை. வெள்ளை ஈயை மட்டும் கட்டுப்படுத்திக்கொண்டு இருக்கிற காயைப் பறித்து முடியுங்கள். முடிந்ததும் செடியை உடனே அழித்துவிடுங்கள். பறிப்பு நின்ற பிறகும் "ஆடு மேயட்டும்" என்று ஒரு மாசம் விட்டுவைத்த வெண்டைக் கொல்லையிலிருந்துதான் பக்கத்துக் கொல்லைக்கு நோய் கிளம்புகிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

மருந்து: இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். 10 லிட்டர் டேங்குக்கு 2 மில்லி. மூடியில் கண்ணளவாக ஊற்றாதீர்கள், ஊசி போடும் சிரிஞ்சில் உறிஞ்சி அளவெடுங்கள். 3 நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கிற பயிர் என்பதால் காய்ப்புக் காலத்தில் நான் இதைத் தொடுவதில்லை. பூக்கும் முன் ஒரு முறை, அவ்வளவுதான். அதன்பிறகு வேம்புதான்.

விதைக்கும்போதே இமிடாகுளோபிரிட் 48 எப்.எஸ். மருந்தைக் கிலோ விதைக்கு 5 முதல் 9 மில்லி வரை கலந்து நிழலில் உலர்த்திப் போட்டால் ஆபத்தான முதல் சில வாரங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. எதிர்ப்புத் தன்மை உள்ளது என்று வரும் ரகங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அர்கா அனாமிகா ஒரு காலத்தில் இந்த நோயை நன்றாகத் தாங்கியது. இப்போது பல இடங்களில் அதிலும் மஞ்சள் விழுகிறது.

இன்னொரு சந்தேகம் அடிக்கடி வருகிறது. "பக்கத்து வயல் உளுந்து மஞ்சளாயிருக்கு, அதுதான் வெண்டைக்கு வந்துருச்சா?" உளுந்தின் மஞ்சள் தேமல் வைரஸ் வேறு, வெண்டையினுடையது வேறு. ஒன்று மற்றதில் தாவாது. ஆனால் சுமக்கிற ஈ ஒன்றுதான். உளுந்து அறுத்ததும் அதிலிருந்த ஈயெல்லாம் பச்சையைத் தேடி உங்கள் வெண்டைக்குத்தான் வரும். அறுக்கும் நாளைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின நாள் வேப்பெண்ணெய் அடித்துவிடுங்கள்.

தக்காளி: இலை சுருள்கிறது

அடி இலைகள் மட்டும் மேல்நோக்கிச் சுருண்டு, தடித்து, நிறம் மாறாமல் பச்சையாகவே இருக்கிறதா? கொழுந்து நன்றாக இருக்கிறதா? அப்படியானால் இது வெயிலும் தண்ணீர்க் குறைவும் செய்கிற வேலை. மருந்து வேண்டாம், தண்ணீர் விடும் இடைவெளியைச் சீராக்குங்கள், போதும்.

கொழுந்து இலை சிறுத்து, கிண்ணம்போல் குழிந்து, ஓரம் மஞ்சளாகி, கணுக்கள் நெருங்கி, செடி புதர்போல் நின்று, பூ உதிர்ந்தால் அது இலைச்சுருட்டை வைரஸ். இதுவும் வெள்ளை ஈதான். நட்டு ஒரு மாதத்துக்குள் வந்த செடியைப் பிடுங்குங்கள். மற்றவற்றுக்கு இமிடாகுளோபிரிட் 10 லிட்டருக்கு 3 மில்லி. குஞ்சு நிறைய இருந்தால் ஸ்பைரோமெசிபென் 22.9 எஸ்.சி. 10 லிட்டருக்கு 12 மில்லி. பின்னது குஞ்சில் நன்றாக வேலை செய்யும், சிலந்தியையும் பிடிக்கும்.

கொழுந்து வெண்கல நிறமாகிக் கறுத்துக் கருகி, தண்டில் கறுப்புக் கோடு ஓடி, காயில் வட்டத்துக்குள் வட்டமாக மஞ்சள் வளையம் விழுந்தால் அது மொட்டுக் கருகல். இலைப்பேன் பரப்புவது, நிலக்கடலையிலும் வருவது. இதைப் பூஞ்சாண நோய் என்று நினைத்து மாங்கோசெப் அடித்துக்கொண்டே இருப்பார்கள், நிற்காது. இதற்கு நீலநிற ஒட்டும் அட்டையும், வரப்பில் பார்த்தீனியம் இல்லாமல் பார்த்துக்கொள்வதும், கீழே சொல்லும் சோளத்தழைச் சாறும்தான் என் வழி.

இலை நூல்நூலாக, பெரணி இலைபோல் குறுகினால் தேமல் வைரஸாகவும் இருக்கலாம், களைக்கொல்லியாகவும் இருக்கலாம். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

மிளகாய்: இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறோம்

மிளகாயில் சுருட்டை என்றதும் வைரஸ் என்று முடிவுகட்டிவிடுகிறோம். மூன்று பேர் செய்யும் வேலை அது. மூன்றுக்கும் வேறு வேறு வழி.

இலை ஓரம் மேல்நோக்கி மடங்கிப் படகுபோல் நின்றால் இலைப்பேன். தாளில் தட்டிப் பாருங்கள், விழும். அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் பளபளக்கும்.

இலை ஓரம் கீழ்நோக்கி மடங்கிக் கவிழ்த்த படகுபோல் இருந்து, இலை ஒடுங்கி, காம்பு மட்டும் நீண்டு, கொழுந்து மொரமொரப்பாக இருந்தால் அது முரணைச் சிலந்தி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பாட்டில் மருந்தைவிட விலை குறைவு. லென்ஸில் மஞ்சள் கலந்த கண்ணாடி மணிபோல் நகரும். இதற்கு இமிடாகுளோபிரிட் ஒன்றும் செய்யாது, ஏனென்றால் சிலந்தி பூச்சி இனமே இல்லை. நனையும் கந்தகத்தூளைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் அடிக்கலாம். டயாபென்தியூரான் 50 டபிள்யூ.பி. மருந்தும் ஏக்கருக்கு 240 கிராம் கணக்கில் கேட்கும். கந்தகத்தை உச்சி வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தாலும் அப்படித்தான். இரண்டையும் ஒரே வாரத்தில் அடித்த ஒருவர் மறுநாள் காலையில் போன் செய்து, "தம்பி, செடியெல்லாம் வெந்நி ஊத்தின மாதிரி நிக்குது" என்றார். போய்ப் பார்த்தால் கொழுந்தெல்லாம் தாமிர நிறம்.

மடங்கல் மேலும் கீழும் கலந்து, நரம்பு வெளுத்து, இலை சின்னஞ்சிறிதாகிக் கொத்தாகத் திரண்டு, செடி வளராமல் நின்றுவிட்டால்தான் வைரஸ். இலைப்பேனும் சிலந்தியும் வந்த செடிக்குச் சரியான மருந்து அடித்தால் அடுத்து வரும் கொழுந்து நேராக வரும். வைரஸ் வந்த செடியில் என்ன அடித்தாலும் புதுக்கொழுந்தும் சுருண்டே வரும். எதுவும் பிடிபடவில்லை என்றால் ஐந்தாறு செடிக்கு ரிப்பன் கட்டுங்கள். மருந்தடித்துப் பத்து நாள் கழித்து அதே செடிகளின் கொழுந்தைப் பாருங்கள், விடை தெரியும்.

இலையில் பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்து, சுருட்டை பெரிதாக இல்லையென்றால் அது தேமல். இது அசுவினி பரப்புவது. இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வெள்ளை ஈ வைரஸை உறிஞ்சி, உடம்புக்குள் ஏற்றி, பல மணி நேரம் கழித்துத்தான் அடுத்த செடிக்குக் கொடுக்கும். அதற்குள் மருந்து அதைப் பிடிக்க வாய்ப்பு உண்டு. அசுவினி அப்படியில்லை. வாய்நுனியில் ஒட்டிய வைரஸைச் சில நொடிகளிலேயே அடுத்த செடியில் குத்திவிடும். எவ்வளவு வீரியமான மருந்தானாலும் அது சாவதற்குள் நோய் ஏறிவிடும். மருந்துபட்டு நிலைகொள்ளாமல் செடிக்குச் செடி தாவினால் பரவல் கூடவும் செய்யும். ஆகவே தேமலுக்கு எண்ணெய்ப் படலம்தான் சரி. லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய் சோப்போடு கலந்து வாரம் ஒருமுறை. இலைமேல் எண்ணெய் இருந்தால் வைரஸ் ஒட்டுவது குறைகிறது. கூடவே மிளகாயைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளமோ சோளமோ மிளகாய்க்கு முன்பே விதைத்துவிடுங்கள். பறந்துவரும் அசுவினி முதலில் அதில் இறங்கி, அதைக் குத்தி, வாயைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வரும்.

வற்றல் போடுகிறவர்கள் கவனிக்க: இமிடாகுளோபிரிட்டுக்கு மிளகாயில் காத்திருக்க வேண்டிய காலம் 40 நாள். வெண்டைக்கு 3 நாள்தானே என்று அதே கணக்கைப் போடாதீர்கள். நம் வீட்டு மோர்மிளகாயும் அதே செடியிலிருந்துதான் வருகிறது.

மிளகாய், தக்காளி இரண்டிலும் கையால் பரவும் தேமல் வைரஸ் ஒன்றும் உண்டு, புகையிலைத் தேமல். பீடி, வெற்றிலையில் போடும் புகையிலை வழியாகவே வரும். நாற்று நடும் ஆட்களிடம் "கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு நாத்தைத் தொடுங்கத்தா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சட்டியில் ஆடை நீக்கிய பாலைத் தண்ணீர் விடாமல் வைத்து, கட்டுக்குக் கட்டு கையை நனைத்துக்கொண்டு நட்டால் பாலிலுள்ள புரதம் இந்த வைரஸ் ஒட்டாமல் தடுக்கும். விதையின் மேல்தோலில் இருக்கும் வைரஸுக்கு, லிட்டருக்கு 150 கிராம் டிரைசோடியம் ஆர்த்தோபாஸ்பேட் கரைத்த நீரில் அரைமணி நேரம் விதையை ஊறவைத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். ஈ கொண்டுவரும் சுருட்டைக்கு இதனால் பயனில்லை.

கத்தரி: இலை சிறுத்துக் கொத்தாகிறது

சிற்றிலை நோய். இலை கீரைபோல் மென்மையாகச் சிறுத்துக் கொத்தாகத் தழைக்கும், பூவே இலையாக மாறும், காய் பிடிக்காது. வைரஸ் என்றே எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி, தத்துப்பூச்சி பரப்புகிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: பார்த்த அன்றே பிடுங்குவது. தழைதழை என்று பச்சையாக இருப்பதால் பிடுங்க மனசு வராது. ஆனால் அந்தச் செடி காய்க்கவே போவதில்லை.

கொடிகள்: பீர்க்கு, புடலை, பாகல், பூசணி

இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு, கொப்புளம்போல் மேடு, கொழுந்து சுருங்கல், காய் கோணல். வெள்ளை ஈயும் கொண்டுவரும், அசுவினியும் கொண்டுவரும், ஆகவே இலையைத் திருப்பிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். இங்கே நான் அதிகம் கவலைப்படுவது தேனீக்காக. கொடிக்காய்க்குத் தேனீயும் வண்டும் வராவிட்டால் காயே இல்லை. பாகலும் பூசணியும் காலையில் பூப்பதால் சாயங்காலம் அடிக்கலாம். பீர்க்கு சாயங்காலம்தான் பூக்கும். அதற்குச் சாயங்காலம் அடித்தால் விரிந்த பூவிலேயே விஷத்தைத் தெளிக்கிறீர்கள். பீர்க்குக்கு விடிகாலையில், பூ வாடிய பிறகு அடியுங்கள். அதுவும் பூத்துவிட்ட பந்தலில் இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம் வேண்டவே வேண்டாம், வேம்பு போதும்.

இரண்டே நாளில் வயல் முழுக்க ஒரே மாதிரி

வைரஸ் இப்படி வராது. அது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி, பெரும்பாலும் காற்றடிக்கும் ஓரத்திலிருந்து உள்ளே நகரும். ஒரே வீச்சில் வயல் முழுக்க இலை குறுகி, நரம்புகள் இணையாக நெருங்கி, தண்டு முறுக்கினால் 2,4-டி களைக்கொல்லியைச் சந்தேகியுங்கள். பக்கத்து நெல்வயலில் அடித்தது காற்றில் வந்திருக்கும், அல்லது இரவல் வாங்கிய ஸ்ப்ரேயரில் மிச்சம் இருந்திருக்கும். தக்காளி, வெண்டை, கொடிக்காய் மூன்றுக்கும் இது துளி பட்டாலே ஆகாது. களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வையுங்கள். அலசினால் போய்விடும் என்று நம்பி நான் ஒரு முறை தக்காளி நாற்று முழுவதையும் இழந்தேன்.

மருந்து அடித்தும் வெள்ளை ஈ குறையவில்லை

இலையின் மேல்பக்கம் மட்டும் நனைந்திருக்கும். ஈ இருப்பது அடியில். நாசிலை மேல்நோக்கித் திருப்பி, கீழிருந்து மேலாக வீசி அடிக்க வேண்டும். அடித்து முடித்துப் பத்து இலையைத் திருப்பி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, மருந்தை மாற்றியதாக நினைத்து மாற்றாமல் இருப்பது. இமிடாகுளோபிரிட் கேட்கவில்லை என்று தயாமீதாக்சாம் அடிக்கிறோம். இரண்டும் பூச்சியை ஒரே விதத்தில் தாக்கும் ஒரே வகை, அந்த வகையின் எண் 4ஏ. ஒன்றைத் தாங்கப் பழகிய ஈ மற்றதையும் தாங்கிவிடும். மருந்து லேபிளில் இந்த வகை எண் போட்டிருந்தால் அதைப் பாருங்கள், வேறு எண்ணுக்கு மாறுங்கள். ஸ்பைரோமெசிபென் வேறு வகை, டயாபென்தியூரான் வேறு வகை, சயன்ட்ரானிலிபுரோல் வேறு வகை. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகளை வெள்ளை ஈக்கு அடிக்காதீர்கள். ஈயைத் தின்னும் பூச்சிகள் செத்து, பதினைந்தாம் நாள் ஈ முன்னைவிடப் பெருகி நிற்கும். மோனோகுரோட்டோபாஸ் காய்கறிக்குத் தடை செய்யப்பட்ட மருந்து. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாவது தண்ணீர். உப்பு ஏறிய போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நுரைக்காவிட்டால் வேப்பெண்ணெய் கரையாமல் மேலே மிதக்கும். டேங்கின் முதல் பாதி வெறும் தண்ணீராகப் போகும், கடைசியில் வரும் எண்ணெய் இலையைக் கருக்கும். நான் மருந்தடிக்க ஊருணித் தண்ணீரோ, பிடித்துவைத்த மழைத் தண்ணீரோதான் எடுப்பேன். சோப்பை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அதில் எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கிப் பால்போல் ஆன பிறகே டேங்கில் விட வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். பால்போல் பரவினால் சரி, எண்ணெய்க் கண் மிதந்தால் இன்னும் சோப்பு வேண்டும்.

தாவரச் சாறுகள்: எதற்கு உதவும், எப்போது உதவாது

வேப்பமுத்துக் கரைசல்தான் என் முதல் கை. 10 லிட்டர் டேங்குக்கு ஓடு நீக்கிய பருப்பு அரைக்கிலோ. உரலில் கொரகொரப்பாக இடித்து, துணியில் கட்டி, இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் மூட்டையைப் பிழியப் பிழியத் தண்ணீர் வெள்ளையாக வரும்வரை எடுத்து வடிகட்டுங்கள். 20 கிராம் காதி சோப்புச் சேர்த்து அன்று சாயங்காலமே அடித்துவிட வேண்டும், வெயில் பட்டால் வீரியம் போய்விடும். பலிக்கவில்லை என்பவர்களிடம் நான் கேட்பது, "முத்து எப்பப் பொறுக்கினது?" என்றுதான். பொறுக்கி 3 மாதம் ஆகாததிலும் 8 மாதம் தாண்டியதிலும் சத்துக் குறைவு. ஆடியில் பொறுக்கியது ஐப்பசியிலிருந்து பங்குனி வரைக்கும் நல்லது. எங்கள் அப்பத்தா முத்தை ஈரமில்லாமல் நிழலில் காயவைத்துச் சணல் சாக்கில்தான் கட்டிவைப்பார். பிளாஸ்டிக் சாக்கில் வைத்தால் பூஞ்சாணம் பிடித்துவிடும்.

சோளத்தழை அல்லது தென்னை ஓலைச் சாறு, வைரஸை எதிர்க்கச் செடியைத் தூண்டும் சாறு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிலக்கடலை மொட்டுக் கருகலுக்குப் பரிந்துரைப்பது. இலையைக் காயவைத்துத் தூளாக்கி, ஒரு கிலோ தூளுக்கு 2 லிட்டர் தண்ணீர் விட்டு, 60 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம். கொதிக்கவிடக் கூடாது, விரலை வைத்தால் உடனே எடுத்துக்கொள்கிற சூடு. வடிகட்டி 10 லிட்டராக்கி, விதைத்த 10-ஆம் நாளும் 20-ஆம் நாளும் தெளிக்க வேண்டும். நோய் வந்த பிறகு அடித்தால் ஒன்றும் ஆகாது. வருவதற்கு முன் அடிப்பதற்கானது இது. பயறுவகையின் மஞ்சள் தேமலுக்கு நொச்சியிலைச் சாறு 10 சதவீதம் 30-ஆம் நாளில் சொல்லப்படுகிறது. நொச்சி நம் கண்மாய்க் கரையெல்லாம் கிடக்கிறது, உளுந்து போடுபவர்கள் செய்து பார்க்கலாம்.

பிடுங்குவதில் ஒரு முறை

நோய்ச் செடியைப் பிடித்து உலுக்கிப் பிடுங்கினால் அதிலிருக்கும் நோயேறிய ஈயெல்லாம் பறந்து நல்ல செடியில் உட்காரும். முதல்நாள் சாயங்காலம் அந்தச் செடிக்கும் சுற்றியுள்ள செடிகளுக்கும் வேப்பெண்ணெய் அடியுங்கள். மறுநாள் விடியலில் உரச் சாக்கைச் செடிமேல் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் சேர்த்துப் பிடித்து, சாக்கோடு இழுங்கள். வாயைக் கட்டி வெயிலில் இரண்டு நாள் போட்டுப் பிறகு புதையுங்கள். வரப்பில் எறிந்தால் பிடுங்கியும் பயனில்லை. வரப்புத் துத்தியையும் அப்போதே எடுத்துவிடுங்கள், வெள்ளை ஈக்கு அது அடைக்கலம்.

மஞ்சள் ஒட்டும் அட்டை ஏக்கருக்கு ஐந்து என்பது ஈ வந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு. பிடித்துக் குறைக்க வேண்டுமென்றால் அதைப்போல் பல மடங்கு கட்ட வேண்டும். பழைய எண்ணெய் டின்னுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து விளக்கெண்ணெய் தடவினாலும் போதும். செடியின் உச்சிக்குச் சற்று மேலே இருக்கட்டும், செடி வளர வளர உயர்த்துங்கள்.

மிளகாய், தக்காளி நாற்றங்காலுக்கு அங்குலத்துக்கு 40 கண் உள்ள நைலான் வலை போட்டு, ஓரத்தை மண்ணால் மூடுங்கள். வலைக்குள் இருந்து சுத்தமாக வெளிவந்த நாற்றுக்கு நட்ட முதல் மாதத்தைத் தாண்டுவது எளிது. தக்காளியில் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் சுருட்டையைத் தாங்கும் கலப்பினம், மாசிக்குப் பிறகு நடுபவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். ஒற்றை இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், போய்ச் சேருவதற்குள் வாடி எல்லா நோயும் ஒன்றுபோலத் தெரியும். கொழுந்தோடும் காயோடும் ஒரு கிளை, ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில். கூடவே நட்ட தேதி, முதல் செடி மாறிய தேதி, அதுவரை அடித்த மருந்துகளின் பெயர், அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.